எண்களைக் காக்கும் ஏழு நாற்காலிகள்

புனேயில் கமிட்டி இல்லாத தெரு கிடையாது. 1890களில் பிள்ளையார் சதுர்த்தி பூஜையறையை விட்டுத் தெருவுக்கு வந்து பொது விழாவானதிலிருந்து பேட்டைக்குப் பேட்டை ஒரு மண்டல். ஒவ்வொரு மண்டலுக்கும் ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர். விழாவை முதலில் தொடங்கியவர் லோகமான்ய திலகரா, பாவுசாகேப் ரங்காரியா என்ற சச்சரவு 2017-இல் 125ஆம் ஆண்டைக் கொண்டாடியபோதுகூடக் கிளம்பியது. தலைவர் பதவிக்குப் போட்டி என்று வந்துவிட்டால் தெருக்காரர்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. பந்தல் போட்ட இரவில் மூங்கில் தூக்கியது யார்? போன வருஷம் வசூலான ‘வர்கணி’க்குக் கணக்குக் காட்டியது யார்?

அதே பந்தல்களுக்கு மேலே மாடிக்கு மாடி, கம்பத்துக்குக் கம்பம் தாவிச் செல்லும் கறுப்பு ஒயர்களை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. தொண்ணூறுகளில் கேபிள் டிவிக்காக இழுத்த வழியில் இப்போது கண்ணாடி இழை போகிறது. அன்றைய ‘கேபிள்வாலா’க்கள் சிலர் இன்று இண்டர்நெட் ஆபரேட்டர்கள். வார்ஜேயில் ஒருவர், ஹடப்ஸரில் ஒருவர் என்று சில ஆயிரம் வீடுகளுக்கு இணைப்புத் தரும் சின்ன வியாபாரிகள். இந்தத் தொழிலுக்கும் ஒரு கமிட்டி உண்டு. அதற்கும் தேர்தல், வேட்பாளர்கள், வாக்குறுதிகள், ஏன், தில்லுமுல்லுப் புகார்கள்கூட உண்டு. சுவரொட்டியும் ஒலிபெருக்கியும் இல்லாத தேர்தல் என்பதால் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கமிட்டி எதைக் காக்கிறது? எண்களை. இண்டர்நெட்டில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வேண்டும். அதுதான் ஐ.பி. எண். எண்பதுகளின் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட ஏற்பாட்டின்படி மொத்தம் சுமார் 430 கோடி எண்கள். சில ஆயிரம் கம்ப்யூட்டர்களை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. இந்தியாவில் எல்லோர் கையிலும் செல்போன் வரும் என்று யார் கண்டது? 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் களஞ்சியம் காலியானது. அதே ஏப்ரலில் ஆசிய-பசிபிக் பகுதியின் கையிருப்பு, ரேஷன் முறையில் மட்டுமே தரக்கூடிய கடைசிப் பங்குக்கு வந்துவிட்டது. இப்போது புதிதாக வரும் ஆபரேட்டருக்கு அதிலிருந்து அதிகபட்சம் 512 எண்கள்.

512 எண்களை வைத்துக்கொண்டு 5,000 வீடுகளுக்கு இணைப்புத் தருவது எப்படி? ஒரே வாசல் எண்ணைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்வதுபோல, ஒரே ஐ.பி. எண்ணுக்குப் பின்னால் பத்து, ஐம்பது, நூறு வீடுகளை நிறுத்துவார்கள். சினிமா பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் இந்த எண்ணிலிருந்து, இந்தத் தேதியில், இத்தனை மணிக்கு மோசடி செய்தது யார் என்று சைபர் கிரைம் போலீஸ் கேட்கும்போது ஆபரேட்டர் முழிக்க வேண்டியிருக்கும். பதிவேடு சரியாக இல்லாவிட்டால் தப்பு செய்தவர் தப்பிப்பார். அதே எண்ணில் இருந்த அடுத்த வீட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த எண்ணைப் பகிரும் ஒரு வீட்டின் கம்ப்யூட்டர் குப்பை மெயில் அனுப்பினால், எண் கறுப்புப் பட்டியலுக்குப் போய் மற்ற வீடுகளும் சேர்ந்து அவதிப்படும். புதிய வகை எண்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவதில் இந்தியா உலகின் முன்வரிசையில் நிற்கிறது. ஆனால் பழைய எண்ணை மட்டுமே அறிந்த கருவிகளும் தளங்களும் மறையும்வரை பழசுக்கு மவுசு குறையாது. 2021 முடிவில் வெளிச் சந்தையில் ஒரே ஒரு எண்ணின் விலை 50 டாலரைத் தாண்டியது.

ஆக, பற்றாக்குறையான ஒரு பொதுச் சொத்தைப் பங்கிடும் பொறுப்பு. உலகை ஐந்து வட்டாரங்களாகப் பிரித்து ஐந்து பதிவகங்கள் இதைச் செய்கின்றன. நம்முடைய வட்டாரத்துக்கு ஏப்னிக். 1993-இல் டோக்கியோவில் சோதனை முயற்சியாக ஆரம்பித்து, பிறகு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்குக் குடிபெயர்ந்த அமைப்பு. ஆப்கானிஸ்தான் முதல் பசிபிக் தீவுகள் வரை 56 நாடுகளும் பிரதேசங்களும் இதன் வட்டாரம். அரசாங்கங்களின் கூட்டமைப்பு அல்ல, உறுப்பினர்களின் சங்கம். உறுப்பினர்கள் ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஏழு பேரும் தலைமை இயக்குநரும் சேர்ந்ததுதான் நிர்வாகக் குழு. வரவு செலவு, கட்டணம், கொள்கை முடிவுகளுக்கு ஒப்புதல் எல்லாம் இவர்கள் கையில். சம்பளம் கிடையாது.

சம்பளம் இல்லாத பதவிக்கு எதற்கு இத்தனை போட்டி என்ற கேள்விக்கு மேலே சொன்ன 50 டாலர்தான் பாதி பதில். மீதிப் பதில், பழைய மண்டல் தலைவர்களுக்குத் தெரிந்த விஷயம்: ஊரில் ஒரு மரியாதை. கூட்டமைப்பின் கூட்டங்களில் வருஷக்கணக்காகப் பாடம் நடத்தியவர்கள், நேபாளத்திலும் பூட்டானிலும் முதல் நெட்வொர்க்கை நிறுவ உதவியவர்கள், சொந்த வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வந்து நிற்பது உண்டு. தெற்காசிய ஆபரேட்டர்களின் அமைப்பான ஸானாக் 2003-இல் காத்மாண்டுவில் முதன்முறை கூடியதே இப்படிப்பட்ட ஆசாமிகளின் ஆர்வத்தால்தான்.

வேட்பாளர்களின் அறிக்கைகளைப் படித்தால் ஒரு சங்கடம். வெளிப்படைத்தன்மை, பயிற்சி, வளரும் நாடுகளின் குரல், புதிய எண்களுக்கு ஊக்கம் என்று பெயர்களை மாற்றி வைத்தாலும் தெரியாத அளவுக்கு ஒரே மாதிரியான வாக்குறுதிகள். சட்டசபைத் தேர்தலில் எல்லாக் கட்சியும் குடிநீர் தருவதாகச் சொல்வதைப்போல. வித்தியாசம் எழுதப்படாத இடத்தில் இருக்கிறது. இவருக்குச் சம்பளம் தருவது யார், அந்த நிறுவனத்திடம் எத்தனை எண்கள் இருக்கின்றன, பதிவகத்தோடு அதற்கு வழக்கு ஏதேனும் உண்டா என்பவை கேட்டறிய வேண்டியவை.

இந்தத் தேர்தலில் ஓட்டுக்கு எடையும் உண்டு. கையில் வைத்திருக்கும் எண்களுக்கு ஏற்ப உறுப்பினர்கள் தரம் பிரிக்கப்படுகிறார்கள். கடைசித் தட்டில் இருப்பவருக்கு ஒரு ஓட்டு. அடுத்தடுத்து 2, 4, 8, 16, 32 என்று ஏறி உச்சித் தட்டில் 64. பெரிய நிறுவனம் கட்டணமும் அதிகம் கட்டுகிறது, பாதிப்பும் அதற்கே அதிகம் என்பது இதற்கான நியாயம். சின்னவர்கள் 64 பேர் ஒன்றுசேர்ந்தால்தான் பெரியவர் ஒருவருக்குச் சமம் என்பது இதன் விளைவு.

இந்தக் கதையில் புனேக்கு ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 1927-இல் இந்தியாவையும் இங்கிலாந்தையும் கம்பியில்லாத் தந்தியால் நேரடியாக இணைத்தபோது செய்தி அனுப்பும் நிலையம் அமைந்தது புனேயை ஒட்டிய கட்கியில். வாங்கும் நிலையம் இதே மாவட்டத்தின் தௌண்டில். 1971-இல் நாட்டின் முதல் வணிகச் செயற்கைக்கோள் தரை நிலையம் வந்ததும் புனே மாவட்டத்து ஆர்வி கிராமத்தில்தான். விக்ரம் சாராபாயின் பெயர் அதற்கு. ஆக, கடல் கடந்து பேச இந்தியா வாய் திறந்த இடம் இந்தப் பீடபூமி. ஆனால் அந்த வாயை யார் திறப்பது, யார் மூடுவது என்று தீர்மானித்தவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். முதலில் வெள்ளைக்காரக் கம்பெனி, 1947-க்குப் பிறகு மத்திய அரசின் இலாகா, 1986 முதல் வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இண்டர்நெட் வந்தபோதும் அதை நடத்தியது அதே வி.எஸ்.என்.எல். 1998-இல்தான் தனியாருக்குக் கதவு திறந்தது. முதலில் நுழைந்தவர்களில் சென்னையின் சத்யம் இன்ஃபோவேயும் ஒன்று. 2002-இல் வி.எஸ்.என்.எல்லே டாடாவிடம் போயிற்று. இத்தனை காலமும் நெட்வொர்க்கின் தலைவர் என்றால் நியமிக்கப்பட்டவர். தேர்தல் என்ற பேச்சே எழவில்லை.

வெளிநாட்டிலும் இது சுலபமாக வந்துவிடவில்லை. வட அமெரிக்க ஆபரேட்டர்களின் அமைப்பான நானாக் 1994-இல் தொடங்கியது. மிச்சிகனில் உள்ள மெரிட் என்ற நிறுவனம் அதை நடத்தியது. யார் பேசலாம், விவாதத்தில் யாரை வெளியேற்றலாம் என்பதையெல்லாம் மெரிட்டே முடிவு செய்ததில் புகைச்சல் வளர்ந்து, 2005-இல் உறுப்பினர்கள் ஒரு சாசனம் எழுதி, தாங்களே தேர்ந்தெடுத்த ஒரு வழிநடத்தும் குழுவை உட்காரவைத்தார்கள். 2011-இல் அமைப்பு மெரிட்டிடமிருந்து முழுவதுமாகப் பிரிந்து சொந்தக் காலில் நின்றது. நெட்வொர்க்கை ஓட்டுபவர்களே தங்கள் தலைவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கருத்து அன்று வென்றது.

ஆனால் தேர்தல் ஒன்றே எல்லாவற்றுக்கும் மருந்தாகிவிடுமா? ஆப்பிரிக்காவின் கதை யோசிக்கவைக்கிறது. அந்த வட்டாரத்தின் பதிவகமான ஆஃப்ரினிக் மொரீஷியஸில் இருக்கிறது. மற்ற வட்டாரங்களில் எண்கள் தீர்ந்த காலத்தில் ஆப்பிரிக்காவில் இருப்பு இருந்தது. அங்கு 60 லட்சத்துக்கு மேற்பட்ட எண்களைப் பெற்ற கிளவுட் இன்னொவேஷன் என்ற நிறுவனம், அவற்றை விதிகளுக்குப் புறம்பாக வேறு வட்டாரங்களில் பயன்படுத்துகிறது என்றது ஆஃப்ரினிக். அப்படி ஒரு விதியே இல்லை என்றது நிறுவனம். 2021-இல் எண்களைத் திரும்பப் பெறும் முயற்சி நீதிமன்றத்துக்குப் போனது. அன்றைய சந்தை விலையில் அந்த எண்களின் மதிப்பு சுமார் 30 கோடி டாலர். அதே ஜூலையில் ஆஃப்ரினிக்கின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதே கேள்விக்குறியானது.

வழக்குக்கு மேல் வழக்கு. 2022-இல் இயக்குநர் குழுவில் கோரம் இல்லாமல் போயிற்று. புதியவர்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் தேர்தல் நடத்த வேண்டிய குழுவே இல்லை. 2023 செப்டம்பரில் நீதிமன்றம் ஒரு ரிசீவரை நியமித்தது. திவாலான மில்லுக்கு நியமிப்பதுபோல. அவருடைய பெயர் வீராசாமி என்பது, மொரீஷியஸுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்காது. அவருக்குப் பின் வந்த ரிசீவர் 2025 ஜூனில் தேர்தலை நடத்தினார். மற்றவர் சார்பில் ஓட்டுப் போட அதிகாரம் தரும் பத்திரம் தொடர்பான சர்ச்சையில், ஓட்டுப்பதிவு முடியும் தருவாயில் அது நிறுத்தப்பட்டு, பிறகு ரத்தும் செய்யப்பட்டது. அதே செப்டம்பரில் மறுபடி நடத்தித்தான் எட்டு இயக்குநர்கள் தேர்வானார்கள். ஒரு கண்டம் முழுவதற்கும் எண் வழங்கும் அலுவலகம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தலையில்லாமல் நின்றது. நைரோபியிலோ லாகோஸிலோ புதிதாகத் தொழில் தொடங்க நினைத்த ஒரு சின்ன ஆபரேட்டருக்கு அந்த ஆண்டுகள் திரும்ப வரப்போவதில்லை.

ஆசியா தப்பித்ததா? 2023 மார்ச்சில் மணிலாவில் ஏப்னிக் தேர்தல் நடந்தது. அதற்கு முந்தைய வாரங்களில், பொய் அடையாளம் சொல்லிக்கொண்டு சிலர் உறுப்பினர்களைத் தொலைபேசியில் அழைத்து ஓட்டைப் பற்றிப் பேசுவதாக ஏப்னிக்கே எச்சரிக்கை விட்டது. வேட்பாளர்களுக்கு நடத்தை விதிகள் வந்தன. ஆப்பிரிக்க வழக்கில் தொடர்புடைய தரப்போடு சம்பந்தம் உள்ளவர்களும் போட்டியிடுகிறார்கள் என்ற பேச்சு பலமாக அடிபட்டது. அவர்கள் தேர்வாகவில்லை. அதே ஆண்டில் உறுப்பினர்கள் ஓட்டளித்து, யார் நிற்கலாம் என்பது தொடர்பான துணைவிதிகளை இறுக்கினார்கள்.

யார் நிற்கலாம் என்ற கேள்வி தமிழர்களுக்குப் புதிதல்ல. காஞ்சிபுரத்துக்கு அருகே உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் கல்லில் வெட்டிவைத்த விதிகள் இருக்கின்றன. ஊர் முப்பது குடும்புகள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். உறுப்பினர்களை ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டுச் சிறுவனைக் கொண்டு எடுத்தார்கள். குடவோலையை எல்லாப் பாடப் புத்தகங்களும் சொல்லும். ஓலை குடத்துக்குள் போவதற்கு முந்தைய வேலைதான் அதைவிடச் சுவாரசியமானது. வயது 35-க்கு மேல், 70-க்குள். சொந்த மனையில் வீடு வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலி வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் கூடாது.

ஏரியும் எண் களஞ்சியமும் ஒரே சாதி. அளவு குறைவு, பங்காளிகள் அதிகம். மடைக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவரே வாரியத்திலும் உட்கார்ந்தால் கடைமடைக்காரரின் வயல் காயும். இதைத்தான் உத்திரமேரூர் சபை தடுக்கப் பார்த்தது. அதன் குறையும் மறைக்க முடியாதது. அது ஒரு பிராமண ஊரின் சபை. பெண்களுக்கும் நிலமற்றவர்களுக்கும் அங்கே ஓலை கிடையாது. கால் வேலி நிலம் இருந்தால்தான் குடத்தில் பெயர் என்ற அந்த விதி, 64 ஓட்டு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டு வைத்திருப்பவருக்கும் இடையே இன்னும் உயிரோடு இருக்கிறது.

வார்ஜே ஆபரேட்டருக்கு அந்த ஒரு ஓட்டுகூட நிச்சயமில்லை. 2012 முதல் இந்தியாவுக்குள் எண்களை வழங்க ஐரின் என்ற தேசியப் பதிவகம் இருக்கிறது. அதை நடத்துவது 2003-இல் உருவான நிக்ஸி என்ற லாப நோக்கற்ற நிறுவனம். அதன் தலைமைப் பொறுப்பு மத்திய மின்னணுத் துறை அதிகாரிகளிடம். இந்திய ஆபரேட்டர் நேரடியாக ஏப்னிக்கில் சேரலாம். அப்போது ஓட்டு உண்டு. ஐரின் மூலம் எண் வாங்கினால் ரூபாயில் கட்டணம் கட்டலாம், உள்ளூரிலேயே வேலை முடியும். ஆனால் பிரிஸ்பேனுக்கு அவர் உறுப்பினர் அல்ல, ஐரின்தான் உறுப்பினர். ஓட்டும் அங்கேதான். நூற்றுக்கணக்கான சின்ன ஆபரேட்டர்களின் குரல் ஒரே வாசல் வழியாக, அதுவும் அரசு அலுவலக வாசல் வழியாகத்தான் வெளியே போகிறது.

இந்தியர்கள் அந்தக் குழுவில் உட்கார்ந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. இண்டர்நெட் சேவையாளர்கள் சங்கத்தின் தலைவராக இருந்த ராஜேஷ் சாரியா அதில் உறுப்பினராக இருந்திருக்கிறார். ஆனால் ஒருவர் உட்காருவதும், அவரை அனுப்பியவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரிந்திருப்பதும் வேறு வேறு. ஆயிரத்துக்கு மேற்பட்ட சேவை உரிமங்கள் வழங்கப்பட்ட நாட்டில் வாடிக்கையாளர்களில் மிகப் பெரும்பாலானோர் ஜியோவிடமும் ஏர்டெல்லிடமும் இருக்கிறார்கள். மிச்சமுள்ள சின்னவர்களுக்கு நகராட்சியின் தோண்டும் கட்டணத்தையும் அறுந்த ஒயரையும் கவனிக்கவே பொழுது போதவில்லை. பிரிஸ்பேனைப் பற்றி யோசிக்க எங்கே நேரம்?

யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. கட்டணம் எவ்வளவு, இருக்கும் கொஞ்ச எண்களில் புதியவருக்கு எத்தனை, வாங்கியவர் விற்கலாமா, எத்தனை ஆண்டு கழித்து விற்கலாம் என்பவற்றில் அந்த ஏழு பேரின் கை இருக்கிறது. இந்திய ஆபரேட்டர்களின் சொந்த அமைப்பான இன்னாக்கின் கூட்டங்களில் ரூட்டர்களைப் பற்றிப் பேசும் நேரத்தில் ஒரு மணியை இதற்கு ஒதுக்குவது பெரிய காரியம் அல்ல. ஐரின் தன் ஓட்டைப் போடுவதற்கு முன் தன்னிடம் எண் பெற்றவர்களை அழைத்து, நிற்பவர்கள் இன்னார், உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்கலாம். போட்ட பிறகு, யாருக்கு, எதனால் என்று சொல்லலாம். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

ஆனந்த சதுர்த்தசி அன்று புனேயின் ஐந்து மரியாதைக்குரிய கணபதிகள் வரிசை மாறாமல் விசர்ஜனத்துக்குப் போவார்கள். முதலில் கஸ்பா கணபதி, கடைசியில் கேசரிவாடா. இந்த வரிசையைக் காப்பதற்கே எத்தனை கூட்டங்கள், எத்தனை சமாதானங்கள். ஊர்வலம் போனதும் பந்தலைப் பிரித்து, ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவார்கள். பத்து ரூபாய் கொடுத்தவருக்கும் அங்கே கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. மேலே தொங்கும் கறுப்பு ஒயருக்கு மாதாமாதம் அதைவிடப் பல மடங்கு கொடுப்பவர்களுக்கும், அதை இழுத்துக் கட்டியவர்களுக்கும் அந்த உரிமை இன்னும் வந்து சேரவில்லை.